அமரவிளைப் பாலத்துக்கு அடுத்த ஊர்

அப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பெரும்பாலானோர் அவருடைய ஆம்புலன்ஸில் ஒரு தடவையாவது ஏறியிருப்பீர்கள். நோயாளியாக இல்லாவிட்டால் நோயாளிக்குத் துணையாக. அவருடைய குணத்தை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அவருடைய கடைசி மாதங்களில் நடந்த ஒன்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மலர் அச்சுக்குப் போகும் முன்பு அம்மாவிடம் சொன்னேன். எழுதிவிடு என்றார்.

அப்பா பிறந்தது அதியன்னூரில். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்ததால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. லாரியில் கிளீனராக ஏறி, ஜீப் ஓட்டிப் பழகி, அம்மாவைக் கல்யாணம் செய்து பாறசாலைக்கு வந்தார். ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்தது, கடைசிவரை அதுதான். குடி கிடையாது. அவசரம் இல்லாமல் சைரன் போட்டதும் கிடையாது. குழம்பில் உப்புக் குறைந்தால் மட்டும் கோபம் வரும். வேலை முடிந்து வந்தால் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. திருவனந்தபுரத்தில் இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுவரும்போது, ஒவ்வொரு ஊர் வந்ததும் பின்னால் கிடப்பவருக்குக் கேட்கும்படி அந்த ஊரின் பேரைச் சொல்லுவார். நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது ஓணம் விடுமுறைக்குப் பஸ் கிடைக்காமல் ஒரு நாள் அவருடைய வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டேன். பின்னால் பாறசாலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் உடல். நல்ல உச்சி வெயில். கரமனை, நேமம், பாலராமபுரம் என்று அப்பா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரியாத மக்கா," என்றார். "கண்ண மூடிக் கெடக்க ஆளுக்கு வழி யாரு சொல்லுவா? ரோட்டுல தெகச்சு நிக்கப்பிடாது."

உதியன்குளங்கரைக்காரர் ஒருவரின் கதைதான் இதில் முக்கியம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, உயிர் வீட்டில் போகட்டும் என்று அவருடைய குடும்பத்தார் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். பாலராமபுரம் தாண்டுவதற்குள் மகன் மூக்கில் கை வைத்துப் பார்த்து, போய்விட்டது என்று அழுதான். அப்பா ஊர்ப்பேர் சொல்லத் தொடங்கினார். நெய்யாற்றின்கரை சொன்னார், அமரவிளை சொன்னார். பாலம் தாண்டியதும் அடுத்ததைச் சொல்ல அவர் வாயெடுக்கும் முன்பே, ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு குரல், "உதியன்குளங்கரை" என்றது.

அப்பா வண்டியைத் திருப்பி, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அந்த மனிதரை எப்படிக் கிடத்த வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர் வண்டிக்குள் ஒருவரும் இல்லை. போய்ச் சேர்வதற்குள் உண்மையாகவே போய்விட்டார். உதவியாளராக இருந்த செல்வண்ணன் அதன்பிறகு ஒரு வாரம் வண்டியில் ஏறவில்லை. அப்பா ஏறினார். ஆனால் அன்று முதல் ஊர்ப்பேர் சொல்லும் முன்பு, கூட வருகிறவர்களிடம் "நல்லா பாத்தியளா?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் சேர்ந்து சில வருடம் ஆனபோது, அடுத்து என்ன என்ற பேச்சு வீட்டில் வந்தது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் அத்தை, வெளிநாட்டு வேலைக்கான ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு எழுதி அயர்லாந்துக்குப் போகச் சொன்னார். அம்மாவுக்கு நான் எம்.எஸ்சி. படித்து டீச்சராக வேண்டும். நின்று நின்று என் கால் நரம்பு புடைத்திருப்பதை அவர் பார்த்திருந்தார். அப்பா எங்கேயோ விசாரித்துவிட்டு வந்து நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கச் சொன்னார். அது தீவிர சிகிச்சைக்கான மேல்படிப்பு. வகுப்பைவிட வார்டில்தான் அதிக நேரம். நோயாளியைத் தானே முழுதாகப் பரிசோதித்து, வகுத்து வைத்த விதிகளுக்குள் சிகிச்சையைத் தொடங்கக் கற்றுத் தருகிறார்கள்.

நான் அப்பாவோடு சண்டை போட்டேன். படிப்பு இருக்கிறது, அதற்கான பதவி இன்னும் நம் ஊர்களில் ஒழுங்காக வரவில்லை. முடித்துவிட்டு வந்து மறுபடியும் இதே வேலையில் இதே கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றேன். கட்டிலுக்குப் பக்கத்தில்தானே ஆள் வேண்டும் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அத்தையிடம் சரி என்று சொல்லி ஓ.இ.டி.க்குப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. செல்வண்ணன்தான் வண்டியோட்டிக் கொண்டுவந்தார். நான் வேலை பார்த்த அதே ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். கண் திறக்கவில்லை, பேச்சில்லை. ஒரு நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில் அம்மா பக்கத்தில் நின்றபோது, அப்பா தெளிவாக "கரமனை" என்றார். அம்மா சந்தோஷத்தில் அழுதார். மறுநாள் அதே நேரத்தில் "நேமம்" என்றார்.

வண்டியில் பின்னால் கிடப்பவருக்கு அவர் சொல்லும் அதே வரிசை. கூட வேலை செய்தவர்கள், மூளை பாதித்தவர்கள் இப்படிப் பிதற்றுவது சகஜம்தானே என்றார்கள். நானும் எத்தனையோ பிதற்றல்களைக் கேட்டிருக்கிறேன். யாரும் வரிசை தவறாமல் பிதற்றியதில்லை. பாலராமபுரத்தில் அப்பா இரண்டு நாள் நின்றார். அங்கே எப்போதும் நெரிசல்தானே என்று ஒரு நினைப்பு ஓடியது, அப்படி நினைத்ததற்காகவே பயந்தேன். சாலை வளைகிற இடத்தில் வண்டிக்குள் கிடக்கும் உடம்பு சாய்வதுபோல, அவருடைய தலை அவ்வப்போது ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து நேரானது. கட்டில் அசையவே இல்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நெய்யாற்றின்கரை வந்த அன்று திரையை இழுத்துவிட்டுக் குனிந்து, வண்டியை ஓட்டுவது யார் என்று அப்பாவின் காதில் கேட்டேன்.

"உதியன்குளங்கரைக்காரனாக்கும்," என்றார். "அவனுக்கு வழி தெரியும்."

அடுத்த நாள் அமரவிளை. அதற்கு அடுத்த நாள் உதியன்குளங்கரை என்ற பேர் அவர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று காலையிலேயே போய்க் கட்டிலருகே நின்றேன். இன்னும் ஓர் ஊர் சொன்னால் அப்புறம் பாறசாலைதான், வீடுதான். அப்பா பேர் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மக்கா, நல்லா பாத்தியா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. மானிட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தேன், தலை முதல் கால்வரை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். வலப்பக்கம் அடியில் காற்றே போகவில்லை. மூச்சு முந்தைய நாளைவிட வேகமாக இருந்தது. டாக்டரைத் தேடி ஓடினேன். அவர் அடுத்த அறையில் வேறொரு நோயாளிக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார், வர முடியாது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது, முதலில் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்திருந்தது, ஆனால் தொடங்கும் பொறுப்பு என் கையில் இல்லை. அந்த அறைக் கதவருகே நின்ற நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டாக்டர் வந்தார், நான் சொன்னதைக் கேட்டார், சரி என்றார். நிமோனியா. சளியை உறிஞ்சி எடுத்து மருந்து தொடங்கினோம்.

திரும்பக் கட்டிலருகே வந்தபோது அப்பா இன்னும் விழித்திருந்தார். பார்த்துவிட்டேன், உயிர் இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்பம் வண்டிய திருப்பச் சொல்லு."

கட்டிலின் தலைமாட்டில் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணா, வண்டிய திருப்புங்க. ஆளுக்கு உயிரு உண்டு."

மறுநாள் மதியம் அப்பா "நெய்யாற்றின்கரை" என்றார். பிறகு பாலராமபுரம், நேமம், கரமனை. கரமனை சொன்ன அன்று கஞ்சி கேட்டார், உப்பில்லை என்று முகம் சுளித்தார். அன்றுதான் நான் அழுதேன். வீட்டுக்கு வந்தபிறகு கேட்டால் எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் அயர்லாந்தை விட்டுவிட்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு விண்ணப்பித்தேன். பயத்தில் போகிறாள் என்று அத்தை நினைத்தார். அந்தக் கதவருகே இன்னொரு முறை நிற்க என்னால் முடியாது, அவ்வளவுதான். இடம் கிடைத்த சேதியைச் சொன்னபோது அப்பா நல்ல கையால் என் தலையைத் தட்டினார்.

இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபோது அப்பா ஓர் ஊரின் பேரையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அமைதியாகப் போய்விட்டார். செல்வண்ணன் வண்டி ஓட்டினார், நான் முன்னால் உட்கார்ந்தேன். கிளம்பும் முன்பு அவர் கேட்டார், நல்லா பாத்தியா என்று. பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன், இறங்கிப் போய் மறுபடியும் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு கரமனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அமரவிளைப் பாலம் தாண்டியதும் என் வாய் நின்றுவிட்டது. செல்வண்ணனும் வண்டியை மெதுவாக்கினார். இரண்டு பேரும் பின்னாலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்துக்கொண்டு போனோம். அந்த ஊர் முக்கும் வந்துவிட்டது.

"சொல்லு மக்கா," என்றார் செல்வண்ணன்.

"உதியன்குளங்கரை, அப்பா," என்றேன்.

அப்பாவின் நோய்க்காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், என் கூட வேலை செய்த நர்ஸ்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும், சண்டை போட்டாலும் தினமும் போன் செய்த அத்தைக்கும், அப்பாவைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த செல்வண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு. பேர் தெரியாத அந்த உதியன்குளங்கரைக்காரருக்கும் நன்றி சொல்லாமல் இதை முடிக்க முடியவில்லை. அன்று நான் சொன்னதும், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் அவர் வண்டியைத் திருப்பினார்.