கிருமி படித்தவள்

ஏரியை விட்டுப் போனவர்கள் ஏரியை நினைத்து ஏங்குவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு நடந்தது வேறு. பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கும் பசியாவரத்துக்குத் திரும்பி வந்துவிட்டு, சென்னையில் நான் படித்த கல்லூரியின் மாடியில், ஜன்னலைத் திறக்கவே கூடாது என்று எழுதி ஒட்டியிருந்த ஓர் அறைக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

அது எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகம். அங்கே ஆட்டோகிளேவ் என்று ஒன்று உண்டு. பெரிய பிரஷர் குக்கர், அவ்வளவுதான். நுண்ணுயிர்களுக்கான தீனியை அதில் வேகவைத்து எடுப்போம். மூடியைத் திறந்ததும் ஆட்டுக்கால் சூப்பையும் கடற்பாசியையும் கலந்தது போல ஒரு வாசனை வரும். மற்றப் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் கிட்டப்போய் நிற்பேன். சூடாக இருக்கும்போதே அதைக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, ஜெல்லி போல உறைந்ததும் மேலே நுண்ணுயிர்களைத் தடவிவைப்போம். மறுநாள் காலையில் கதகதப்பான பெட்டியைத் திறந்தால், வெறுமையாகத் தெரிந்த தட்டில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் கோடிக்கணக்கான உயிர்கள். அந்தப் பெட்டியின் கதவுச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். உயிர்த்தொழில்நுட்பவியல் பட்டம் என்று முழுப் பெயரையும் சொல்வேன், சுருக்க மாட்டேன். கேட்பவர்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பது அவர்கள் கவலை.

முதலாண்டில் எங்கள் மேடம், வீட்டில் புளித்தது எதையாவது கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் தயிரும் இட்லி மாவும் கொண்டுவந்தார்கள். எங்கள் தீவில் மாடு ஏது, தயிர் ஏது? நான் கேழ்வரகுக் கூழுக்குப் புளிக்கவைத்த மாவை ஒரு பாட்டிலில் எடுத்துப்போனேன். வழியெல்லாம் பொங்கி, மூடியைத் திறந்ததும் பீய்ச்சியடித்தது. "எங்க வீட்டு நாய்கூட இதைக் குடிக்காதுடி" என்றாள் பக்கத்து மேசைக்காரி. அவள் தயிரைப் போலவே என் மாவையும் கண்ணாடித் துண்டில் தடவி, ஊதாச் சாயம் ஏற்றி, கழுவி, நுண்நோக்கியில் வைத்தேன். தடி தடியாகவும் மணி கோத்தது போலவும் ஊதா நிறத்தில் ஒரு கூட்டம். தினமும் விடியலில் நான் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடப் படகு ஏறிய கூழில் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். மேடம் என் மேசைக்கு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாய் கதை சொன்னவளும் வரிசையில் நின்றுதான் பார்த்தாள்.

இதை வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? விடுமுறைக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை வாயில் கவ்வியிருப்பாள் என்பதால், தண்ணீரில் இருக்கும்வரை பேச மாட்டாள். கரையேறியதும் மொத்தத்தையும் சேர்த்துப் பேசுவாள்.

"இன்னாதாண்டி படிக்கிற அங்க?"

"கண்ணுக்குத் தெரியாத உசுருங்களப் பத்தி."

"கண்ணுக்குத் தெரியாததுன்னா? பேயா?"

"கிருமிம்மா. நம்ம கூழு புளிக்குதே, அதுகூட கிருமி பண்ற வேலதான்."

அம்மா எழுந்து போய்க் கூழ்ப்பானைக்குள் எட்டிப் பார்த்தாள். நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் நைனா சட்டியிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாமே இது, சொவுத்துக்குப் பூசறதா?"

"உன் பொண்ணக் கேளு. இத்தினி வருசமா நானு உங்களுக்குக் கிருமியக் கரைச்சிக் குடுத்துகினு இருந்தேனாம்."

குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கேட்டு வாங்கி, கூழ்ப்பானையை உள்ளும் புறமும் தேய்த்து ஊறவைத்திருக்கிறாள். அதிலேயே மாவைக் கரைத்தும் வைத்துவிட்டாள். மாவு புளிக்காமல் கரைத்தபடியே கிடந்தது. பிளீச்சிங் வாடை வேறு. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊருக்கு வரும் நர்ஸம்மா கிருமி என்று சொன்னதெல்லாம் வாந்திபேதிக்கும் சொறிக்கும்தான். கிருமி என்றால் கொல்ல வேண்டும், அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் பொருள்.

அது ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மா சும்மா இருப்பாளா? தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. நான் கோயில் பக்கம் போனதும் அடுத்த வீட்டு அத்தை, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி சத்தமாகக் கேட்டாள்.

"ஏய் கிருமி! ஆத்தாளுக்கு ஊத்தற கூழுக்கு பிளீச்சிங் போடணுமா, வேணாமா? போட்டா அவளுக்கு வவுத்த வலிக்கும், போடலேன்னா எங்களுக்கு வவுத்த வலிக்கும். படிச்ச பொண்ணு சொல்லுமே!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் அடுப்புப் பக்கம் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் கிருமி. 'நுண்ணுயிர்' என்ற சொல்லை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அவள் வாயில் அது 'நுன்னுசுரு' ஆனது. இருந்தாலும் பானையை மறுபடி புளிக்கவிட்டாள்.

பட்டம் வாங்கி ஊருக்கு வந்தேன். அதன் பிறகுதான் அந்த அறை என்னைப் பிடித்துக்கொண்டது. ஈர வலையில் படர்ந்த கருப்புப் புள்ளிகளைக் கண்டால் இது என்ன பூஞ்சை என்று கை பரபரக்கும். பார்க்க ஒரு கண்ணாடிச் சில்லுகூடக் கிடையாது. கரையில் உட்கார்ந்தால், சேற்றில் விரல் தானாகக் கோடு போடும். நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்க்கத் தட்டில் இழுக்கும் கோடுகள் அவை. ஒரு பக்கம் நெருக்கமாகத் தொடங்கி, தட்டைத் திருப்பித் திருப்பி இழுத்து, கடைசியில் தனித்தனியாக முடியும். "இன்னாடி, சொம்மா கோடு கிழிச்சிகினே கீற?" என்பாள் அம்மா. அலை வந்து அழித்துவிட்டுப் போகும். மறுபடி இழுப்பேன்.

உடன் படித்தவள் ஒருத்தி வேலைச் செய்தி ஒன்றை அனுப்பினாள். ஆந்திரக் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி. அங்கே தொட்டித் தண்ணீரைத் தினமும் சோதிக்க ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும். அங்கேயே தங்க வேண்டும். அந்தக் கடைசி வரியில்தான் நைனா நின்றுவிட்டார்.

"காலைல போயி பொழுதோட வர்ற வேலன்னா போ. தங்கற வேல வேணாம்."

"அப்போ இன்னாத்துக்கு நைனா படிக்க வெச்ச?"

"படிக்கத்தான் வெச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உள்ளதைச் சொல்வது போலச் சொன்னார். இரண்டு நாள் நான் அவருடன் பேசவில்லை. பிறகு அவரே வந்தார். "ஒரு தபா போய்ப் பாக்கலாம். வேணாம்னு நானே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன்."

படகில் கரைக்கு வந்து, பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயிலேறினோம். ஆரம்பாக்கம் தாண்டியதும் வண்டிக்குள் பேச்சு தெலுங்காகிவிட்டது. ஹேச்சரி வாசலில் சிவப்பாக மருந்துத் தண்ணீர் நிரப்பிய ஒரு பள்ளம் இருந்தது. வெளிக் கிருமி உள்ளே போகாமல் இருக்க அதில் காலை நனைத்துத்தான் போக வேண்டும். காவல்காரர் கையைக் காட்டினார். நைனா செருப்பை எட்டக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நனைத்து, குனிந்து ஒரு கை அள்ளித் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

"யோவ்! தலைல போடாதய்யா, அது மருந்து!" என்று காவல்காரர் தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"கால் நனைக்கச் சொன்னீங்களேன்னு பாத்தேன்" என்றார் நைனா, ஈரத் தலையைத் துண்டால் துடைத்தபடி.

உள்ளே ஒரு கொட்டகையில் பெரிய நீல டிரம்கள். அதைக் கடக்கும்போது நைனா நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். ஆய்வகப் பொறுப்பில் இருந்த தமிழ்க்கார அக்காவிடம் நேராகவே கேட்டார்.

"இன்னாமா இது? ஊறல் போட்டு வெச்சிருக்கீங்க?"

எங்கள் பக்கத்தில் ஊறல் என்றால் சாராயம் காய்ச்சுவதற்கு வெல்லத்தில் போடும் ஊறல்தான். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அந்த அக்கா சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து காட்டினார். "ஊறல்தான் ஐயா. வெல்லத் தண்ணில நல்ல பாக்டீரியாவ வளக்கறோம். இத தொட்டில ஊத்தினா, குஞ்சு போடற கழிவ இது தின்னுடும். கெட்ட பாக்டீரியாவுக்கு எடம் இருக்காது."

"அப்போ எறாலுக்கா இந்தச் சரக்கு?"

"எறாலுக்குத்தான்."

"குடுத்து வெச்ச எறாலு" என்றார் நைனா.

ஆய்வகத்துக்குள் அவரை விடவில்லை. கண்ணாடிக்கு அப்புறம் நின்றார். நான் உள்ளே போனேன். அதே வாசனை. அந்த ஆட்டுக்கால் சூப்பும் கடற்பாசியும். மூச்சை இழுத்தேன், விடப் பிடிக்கவில்லை. அக்கா ஒரு தட்டையும் முனையில் வளையம் வைத்த கம்பியையும் தந்து கோடு இழுத்துக் காட்டச் சொன்னார். கம்பியைச் சுடரில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, தொட்டுத் தட்டில் இழுத்தேன். திருப்பினேன், இழுத்தேன். என் கை எதையும் மறக்கவில்லை. பிறகு ஒரு தொட்டியின் தண்ணீரைத் தடவி வளர்த்த வேறொரு தட்டைக் காட்டி, "என்ன தெரியுது?" என்றார். மஞ்சள் புள்ளிகளுக்கு நடுவே பச்சைப் புள்ளிகள். "பச்சை கூடியிருக்குது அக்கா, அது கெட்ட பாக்டீரியா. இந்தத் தொட்டில குஞ்சு நிக்காது. தண்ணி மாத்தணும்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு வெளியே யாரையோ கூப்பிட்டு, அந்தத் தொட்டியைச் சொன்னார். ஓர் ஆள் ஓடினார்.

"இன்னும் ரெண்டு பேரைப் பாக்கணும். போன் பண்றேன்" என்றார் என்னிடம்.

நைனா 'வேண்டாம்' என்று யார் முகத்துக்கு நேராகவும் சொல்லவில்லை. அதற்காக 'சரி' என்றும் சொல்லவில்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். படகில் ஏறிப் பாதி ஏரி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தப் பச்சப் புள்ளி. அத நீ பாத்துச் சொன்னாதான் அவுங்களுக்குத் தெரியுமா?"

"ஆமா நைனா."

"நீ சொல்லலேன்னா?"

"குஞ்சு அத்தினியும் செத்துடும்."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொம்பளைங்க தங்கற ரூமுக்கு உள்தாப்பா கீது. நீ உள்ள இருந்தப்போ போயிப் பாத்தேன்."

இன்னும் போன் வரவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் நிற்காது. படகுத்துறையில்தான் கிடைக்கும். வலைக்குப் போகாத நேரமெல்லாம் நைனா என் போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது. போன் அதிர்ந்தால் எழுந்து வேகமாக வீட்டுக்கு வருகிறார். இன்று மத்தியானமும் வந்தார்.

"எழுத்து வந்துகீது பாரு. அவுங்களா?"

ரீசார்ஜ் செய்தி.

"இல்ல நைனா."

"செரி" என்று அதை வாங்கி, மறுபடி கவரில் சுற்றிக்கொண்டு, சிக்னல் இருக்கும் இடத்துக்கே திரும்பிப் போனார்.