மாவுப் பனியில் தூங்கியவன்

பாரிஸில் ஓவியர் லாவாலின் பட்டறையில் தியோதூல் பதினோரு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தான். காலையில் குண்டடிபட்டுச் சாவான். சூப்பு குடித்துவிட்டு வந்து, மதியம் குளிரில் விறைத்துச் சாவான். கிரைமியப் போரிலிருந்து உயிரோடு திரும்பியவனுக்கு வாய்த்த பிழைப்பு அது. சுவர் நீளப் படத்தில் முப்பது சிப்பாய்கள். பாதிப் பேருக்கு அவன் உடம்புதான். தாடியை மட்டும் ஓவியர் மாற்றிப் போடுவார்.

தரையில் கொட்டிய கோதுமை மாவுதான் பனி. அதில் மல்லாந்து கிடந்தால் அலுப்பில் கண் சொருகிவிடும்.

"யோவ், நீ பொணம்யா. குறட்டை விடாத," என்பார் லாவால்.

"பொணத்துக்கும் முட்டி வலிக்குது முசியே."

ஒரே ஒரு முகத்துக்காகத்தான் அவன் இத்தனையும் பொறுத்துக்கொண்டான். அந்தப் போரில் அவன் மடியில் செத்த கூட்டாளி ஆன்செல்முக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. ஓட்டைப் பல், விரிந்த காது என்று தியோதூல் சொல்லச் சொல்ல, லாவால் அவனைப் படத்தின் ஓரத்தில் எழுப்பி நிறுத்தினார். அச்சு அசல் அவனேதான். தியோதூல் அன்றே சலவைத்துறைக்கு ஓடி, ஆன்செல்மின் மனைவி ஓர்த்தான்ஸிடம் சொல்லிவிட்டான்.

ஓவியக் கண்காட்சி திறப்பதற்கு முந்தைய நாள், மாட்டிய படங்களுக்கு முன் ஏணி போட்டு ஓவியர்கள் கடைசியாகக் கை வைக்கும் நாள். அரசாங்கத்துக்குப் படம் வாங்கும் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "தளபதி எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மாலைக்குள் ஆன்செல்ம் நின்ற இடத்தில் தளபதியுடைய குதிரையின் பின்புறம் பளபளத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தியோதூல்தான்.

"முசியே, அவன் பொண்டாட்டி ஞாயித்துக்கிழம வர்றா."

"நான் என்னய்யா பண்ண? படம் விக்கணுமே."

ஞாயிறன்று நுழைவு இலவசம். அவளைக் கூட்டிவந்த வழியெல்லாம் தியோதூல் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. வெந்துபோன சலவைக் கைகளை மடித்துக்கொண்டு ஓர்த்தான்ஸ் படத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பனியில் கிடந்த ஒரு பிணத்தின்மேல் அவள் விரல் நின்றது.

"இதோ இருக்காரு."

அது தியோதூல். மாவில் அசந்து தூங்கிய அன்று வரைந்தது. தாடி மட்டும் ஓவியர் போட்டது. பதினான்கு வருஷம் ஆயிற்று, அவள்தான் என்ன செய்வாள், பாவம்.

"காதக் கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டாங்க," என்றாள். "ஆனா செத்த மாதிரியே இல்லண்ணே. தூங்குற மாதிரி இருக்காரு. ரொம்ப வலிச்சுதான்னு உங்களக் கேக்கவே இத்தன வருசமா பயமா இருந்துச்சு."

ஆன்செல்ம் மூன்று நாள் கத்திக் கத்தித்தான் செத்தான்.

தியோதூல் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான், அவள் திரும்பித் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று.

"இல்லம்மா," என்றான். "அலுப்புல தூங்கிட்டான்."