இடது காலுக்கு மட்டும் ஒரு செருப்பு

கண்ணுக்குத் தெரியாத காலுக்குச் செருப்பு தைக்கிற வேலை எங்களுடையது. ஆய்வகத்தில் மாடாய் உழைத்துவிட்டு, அதை வீட்டில் விளக்கத் தெரியாமல் முழித்தவர்கள் எல்லாரும் என் கட்சி.

அம்மாவின் சந்தேகம்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் விற்கும் என் அம்மாவுக்கு ஆராய்ச்சியைப் புரியவைத்தே தீருவது என்று ஒருநாள் உட்கார்ந்தேன். சில எதிர்மின் அயனிகள், கண்ணாடியில் தெரியும் எதிர்ப்பிம்பம்போல, இடது, வலது என்று சோடியாக இருக்கும். அதில் இடதை மட்டும் பிடித்துக்கொள்ள, துத்தநாகத்தை நடுவில் வைத்து ஒரு கூட்டுப்பொருள் செய்கிறேன். பிடித்தால்தான் டாக்டர் பட்டம். "செருப்புன்னு வச்சிக்கோம்மா, இடது காலுக்கு மட்டும் சேரும்" என்றேன். அம்மா விளமீனுக்குச் செதில் உரசுவதை நிறுத்தவேயில்லை.

"ஏளா, ஒத்தச் செருப்ப எவன் வாங்குவான்? வலது காலுக்கும் ஒண்ணு செய்யி!"

வெள்ளை வளையம்

மூன்று மாதமாக இடதும் ஒட்டவில்லை, வலதும் ஒட்டவில்லை. ஒட்டினால் வளையவேண்டிய கோடு, வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் போட்டமாதிரி நேராகவே கிடந்தது. வழிகாட்டி மேடம் "தலைப்பை மாத்திரலாமா?" என்று கேட்ட அன்று பாத்ரூமில் போய் அழுதேன். திரும்பி வந்தால், ஆய்வக உதவியாளர் அந்தோணி அண்ணாச்சி நான் கழுவிக் கவிழ்த்த குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, எங்க வீட்டு டம்ளர்லயும் இதே வெள்ள வளையந்தான். குழாத் தண்ணியிலயா கழுவுத?"

ஒரு சொட்டு

குடுவையை அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டேன். பாலாய் வெளுத்தது. என் மாதாவே, குளோரைடு! உப்பளத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த கழுதைக்கு, நம்மூர்த் தண்ணியில் உப்பு இருக்கும் என்று தோன்றவேயில்லை. அதுவும் எதிர்மின் அயனிதானே, முந்திக்கொண்டு என் செருப்புக்குள் காலை நுழைத்திருக்கிறது. அத்தனையையும் உப்பே இல்லாத வாலைவடிநீரில் கழுவி மறுபடி ஆரம்பித்தேன். இடதைச் சேர்க்கச் சேர்க்கக் கோடு அழகாய் வளைந்தது. வலதுக்கு லேசாய் அசைந்ததோடு சரி. சந்தோஷம் தாங்காமல் குதித்ததில் ஒரு குடுவை கீழே விழுந்து நொறுங்கியது. அண்ணாச்சி விளக்குமாற்றோடு வந்தார்.

"போட்டும் பாப்பா, கழுவுத வேலை ஒண்ணு கொறஞ்சிது."

பின்வரிசைக் குரல்

வாய்மொழித் தேர்வுக்கு அம்மாவும் பட்டுச்சேலையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடியும் நேரத்தில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இது தற்செயலாகவும் இருக்கலாமே. இதன் எதிர்ப்பிம்பத்தைச் செய்து, அது வலதைப் பிடிக்கிறதா என்று பார்த்தீர்களா?" பதில் இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா வாய் அடங்கட்டும் என்று அதையும் எப்போதோ செய்துவைத்திருந்தேனே! அடுத்த படத்தைப் போட்டேன்: இந்த முறை வலதுக்கு வளைவு, இடதுக்குச் சும்மா. தேர்வாளர் கைதட்டினார். அரங்கம் முழுக்கக் கேட்கிறமாதிரி பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் அன்னைக்கே சொன்னம்லா?"

ஆக, ஐந்து வருடம் உயிரைக் கொடுத்து நான் கண்டுபிடித்தது, தூத்துக்குடித் தண்ணீரில் உப்பு உண்டு, செருப்பைச் சோடியாகத்தான் செய்ய வேண்டும் என்பதுதான்.