வாய்க்காலுக்கு அப்பால் போன பாட்டு

"பாட்டை வச்சுக்கிட்டுப் பாதை கேக்க முடியாதும்மா. நாளைக்கு இன்னொருத்தர் சினிமாப் பாட்டோட வந்து நிப்பாரு. அவருக்கும் அளந்து குடுக்கச் சொல்வீங்களா?"

வட்ட அலுவலகத்தில் நில அளவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் அல்லர். "எம்.ஏ. படிச்சிருக்கீங்க, உங்களுக்கே தெரியணும்" என்று சொல்லி, என் மனுவை மடித்து என் கையிலேயே கொடுத்தார். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அந்த அளவர் எந்தப் பாட்டைச் சொன்னார், நான் எந்தப் பாதையைக் கேட்டேன் என்பதை, அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அறிய வேண்டும்.

அம்மா ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த முதல் வாரமே நடவில் இறங்கினார். அம்மாவுக்குப் பின்னால் அவருடைய தங்கையும் எங்கள் தெருவுக்கே வாழ்க்கைப்பட்டு வந்தார். அந்தச் சின்னம்மாவிடம் அம்மா சொன்னாராம்: "நம்மூரு மண்ணு காலைத் திருப்பிக் குடுத்துரும்டி. இந்த ஊரு மண்ணு கெஞ்சினாத்தான் குடுக்கும்."

எங்கள் பெயரில் ஒரு குழி நிலம் கிடையாது. ஆனாலும் எந்த வயலில் எந்த மூலை ஆழம், எந்த மதகில் தண்ணீர் பிந்தி வரும், எந்த வரப்பு மழைக்கு வழுக்கும் என்பதெல்லாம் அம்மாவின் கால்களுக்குத் தெரியும். இந்த ஊர் அவருக்குச் சொந்தமானது அப்படித்தான்.

எனக்கு ஏழு வயதில் அப்பா இறந்தார். அப்போது சுடுகாட்டுக்குப் பாதை இருந்தது. தெருவிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் மதகைத் தாண்டினால் வயல்களுக்கு நடுவே ஒரு மண் தடம், அது முடியும் இடத்தில் ஆற்றங்கரை. நடவுக்கு எத்தனை முறை தாண்டினாலும், சாவு என்றால் பெண்கள் வாய்க்கால் கரையோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். பாடை மதகைத் தாண்டியதும் மற்றப் பெண்கள் திரும்பினார்கள். அம்மா திரும்பவில்லை. கரையில் நின்று, போகிற அப்பாவுக்கு வழி சொல்லிப் பாடினார்.

மதகு தாண்டிப் போகையிலே
எடது பக்கம் நாணக்காடு
நாணக்காடு தாண்டிப்புட்டா
பன்னெண்டடி மேட்டுத்தடம்
மேட்டுத்தடம் வழுக்கும் சாமி
வலது காலை ஊனிப் போங்க
வாய்க்காலோட எங்காலு நிக்கும்
வார்த்தை மட்டும் கூட வரும்

இதற்குப் பின்னும் பாட்டு ஆற்றங்கரை வரைக்கும் போகும். அதன்பிறகு எங்கள் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் அம்மாதான் கரையில் நின்று வழி சொன்னார். தான் ஒருநாளும் நடக்க முடியாத பாதையை, பக்கத்து வயல்களில் குனிந்து நட்டபோது பார்த்துப் பார்த்தே அளந்து வைத்திருந்தார்.

அந்தப் பாதை பிறகு இல்லாமல் போனது. வயல் கைமாறியது, ஒவ்வோர் உழவிலும் தடம் ஒரு சாண் குறைந்தது. கடைசியில் அங்கேயும் நாற்று நட்டார்கள். நட்டவர்களில் அம்மாவும் ஒருவர். அன்று கூலிக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று நான் பின்னாளில் கேட்டபோது, "நான் போவலன்னா வேற ஆளு நடும். ஒனக்கு நோட்டு யாரு வாங்குறது?" என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதைச் சொல்லும்போது இன்றும் என் தலை நிமிரத்தான் செய்கிறது. தஞ்சாவூரில் தமிழ் படித்தேன். குறிஞ்சிக்கு ஒரு பாட்டு, நெய்தலுக்கு ஒரு பாட்டு, மருதத்துக்கு ஒரு பாட்டு என்று நிலமே கவிதையின் பொருளைத் தீர்மானிக்கும் என்பதைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆய்வேட்டுக்கு அம்மாவின் பாட்டைக் கைப்பேசியில் பதிந்தேன். அதில் மதகு, நாணல், அடிக்கணக்கு வந்த வரிகளை எல்லாம் "வெறும் தகவல், கவிதை அல்ல" என்று வெட்டிவிட்டேன். அழுகையை மட்டும் எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. கைப்பேசியில் இடம் இல்லாமல் போனபோது பதிவையும் அழித்தேன்.

ஆய்வேட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைக் கேட்டு ஒங்கப்பா எப்புடிப் போய்ச் சேருவாரு?" என்றார்.

நான் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் சிரித்திருக்கக் கூடாத சிரிப்பு அது.

சென்ற ஆண்டு புரட்டாசியில் அம்மா அந்த வயலில்தான் கடைசியாக நட்டார். ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னை வயல்ல எறக்கித் தூக்கிட்டுப் போவாதீங்க பாப்பா. நட்ட பயிரு." நான் சரி என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

கார்த்திகை மழையில் அம்மா போனார். வேறு வழி இல்லை. பாடையோடு தொடையளவு சேற்றில் இறங்கினார்கள். நான் வாய்க்கால் கரையில் நிறுத்தப்பட்டேன். வயல்காரர் குடையோடு ஓடிவந்தார்.

"பயிரை மிதிக்கிறீங்களே, கண்ணு தெரியலையா?"

முன்னால் தோள் கொடுத்த எங்கள் மாமா, "அவங்க கையால நட்டதுதாங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. நீங்க வழியை விட்டிருந்தா நாங்க ஏன் மிதிக்கிறோம்?" என்றார்.

"வழியா? எங்கய்யா இருக்கு வழி? காட்டு பாப்போம்!"

யாராலும் காட்ட முடியவில்லை. பாடை ஒருபக்கம் சாய்ந்தது. அம்மாவின் கை வெளியே வந்து தொங்கியதைக் கரையிலிருந்து பார்த்தேன். பாட வாயெடுத்தேன். எனக்கு வந்தவை நான் எழுதி வைத்த அழுகை வரிகள் மட்டுமே. ஊருக்கெல்லாம் வழி சொன்னவருக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

மாசியில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்தது. சின்னம்மாவுக்கு நினைவிருந்தவை மேலே உள்ள எட்டு வரிகள்தான். அவர் கரையில் நின்று பாட, நான் வாய்க்காலைத் தாண்டினேன். "சுடுகாட்டுத் தடத்துல பொம்பளப்புள்ள தாண்டக் கூடாதுடி" என்று சொன்னவர், சொன்ன கையோடு அடுத்த வரியையும் பாடினார். நாணலுக்கு அப்பால் பன்னிரண்டு அடி. வயல் எங்கும் விரல் நுழையும் வெடிப்பு. அந்த ஒரு பட்டையில் மட்டும் வெடிப்பு இல்லை. கொண்டுபோயிருந்த இரும்புக் கம்பியை ஊன்றினேன், ஒரு சாணுக்குக் கீழே இறங்கவில்லை. எங்கள் தெருவின் கால்கள் மிதித்து மிதித்து இறுக்கிய மண். அதற்கு அப்பால் ஆழ உழுதிருந்தார்கள், மண் மறுபடியும் வெடித்துக் கிடந்தது. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று பாட்டுதான் சொல்ல வேண்டும். அந்த வரிகள் யாரிடமும் இல்லை. வட்ட அலுவலகத்தில் அந்த வயலின் பழைய புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தைக் கேட்டால் தேடுகிறோம் என்கிறார்கள்.

அம்மாவுக்கு இனி எந்தப் பாதையாலும் பயனில்லை. ஆனால் சின்னம்மா சென்ற வாரம் இருமிக்கொண்டே, "எனக்காச்சும் காஞ்ச தரையா பாத்து வையிடி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் முறை வைத்துக் காத்திருந்த தெருப் பெண்களுக்கும், சேற்றில் தோள் கொடுத்த மாமாவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் என் நன்றி. உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுச் சாவில் அம்மா பாடியதைக் கேட்டவர்கள் இருப்பீர்கள். மேலே உள்ள எட்டு வரிகளுக்குப் பிறகு வரும் ஒரு வரி நினைவுக்கு வந்தாலும் என்னிடம் சொல்லுங்கள்.

சென்ற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், பாதையை அளந்து தரக் கேட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன். இணைப்பாக அம்மாவின் பாட்டை வைத்திருக்கிறேன். மதகும் நாணலும் அடிக்கணக்கும் அதில் இருக்கின்றன. எட்டாம் வரிக்குக் கீழே, ஆற்றங்கரை வரைக்கும், தாளை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

– மகள்