கழுவிக் கொடுப்பவர்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. பால்காரர் ஊற்றும்போது கையைப் பார்ப்பேன். மெக்கானிக் வண்டியைத் திருப்பித் தந்தால் அங்கேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இந்தக் குணம் ரொம்ப நல்லது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வண்டிகளுக்குள் பொருத்தும் சின்னக் கருவிகளுக்காக எங்கள் கம்பெனி சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதுகிறது. அதில் த்ரெட் நூலகம் என் பொறுப்பு. ஒரு புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் பல வேலைகளைத்தான் த்ரெட் என்கிறோம். எல்லாமே ஒரே மெமரியைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனால் சில விஷயங்களை ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாக வேண்டும். பெயர் எல்லோருக்கும் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு. அந்தத் தனிப் பெட்டியைக் கொடுத்து, த்ரெட் முடிந்ததும் திரும்ப வாங்குகிற பகுதியை நான் எழுதினேன். த்ரெட்டுகளைத் தொடங்கி முடித்துவைக்கிற பகுதியை எழுதியது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்.

அவருக்குக் காவாந்தண்டலம் காலனி. சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாம் மாதக் கடைசியில் அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று நான்தான் அறிக்கை எழுத வேண்டும். எங்கள் இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அவர் வீட்டில் நெட் நிற்காது, திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தது. அதனால் வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டியில் வந்து, மோட்டார் ஷெட்டை ஒட்டிய வெளி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

பதினோரு மணிக்கு அம்மா காபி கொண்டுபோவார். அதற்கென்று விளிம்பு நசுங்கிய டம்ளர் ஒன்று உண்டு. வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கான டம்ளர் அது. அம்மா டம்ளரில் கை படாமல் மேலே இருந்து ஊற்றுவார். குடித்தவர்களே தண்ணீர்த் தொட்டியடியில் கழுவி, துவைக்கிற கல்மேல் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பெண்ணும் அப்படியே செய்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிழை வந்தது. புதிதாகத் தொடங்கும் த்ரெட்டுக்குப் பெட்டி காலியாகக் கிடைக்க வேண்டும். நூறு தடவை ஓட்டினால் ஒன்றிரண்டு தடவை உள்ளே ஏதோ ஒரு எண் உட்கார்ந்திருந்தது. யாரோ எழுதியிருக்கிறார்கள். யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய பகுதிதான் எங்கேயோ எல்லை தாண்டி என் மெமரியில் கை வைக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அவர் எழுதியதை வரி வரியாக மூன்று நாள் துருவினேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. நான் அறைக்குள் போனால் அவர் ஒரு நோட்டை மூடி வைப்பார். என்மேல் புகார் எழுதச் சேர்த்துவைக்கிறாரோ என்று தோன்றியது. அம்மா வேறு வந்து தூபம் போட்டார்.

“அந்தப் பொண்ணு எப்பப் பாரு இன்னாத்தையோ எழுதிக்கினே கீது. நீ வேலைய குடுத்துட்டு ஏமாந்து நிக்காத.”

அன்று மத்தியானமே அறிக்கையைத் தொடங்கினேன். ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரியில் ‘பரிந்துரைக்க இயலாது’ என்றும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம் என்று வெளி அறைக்குப் போனேன்.

“அந்த நோட்ல என்ன இருக்கு?” என்றேன்.

அவர் தயங்கிவிட்டு நீட்டினார். உள்ளே வரிசையாக எண்கள். பிழை வந்த ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் இருந்த எண், அதே பெட்டியை அதற்கு முன் வைத்திருந்த த்ரெட் அதில் கடைசியாக எழுதிய எண். எல்லாம் பொருந்தியது.

“யாரும் வந்து எழுதல சார். போன த்ரெட் விட்டுட்டுப் போனதுதான். பெட்டிய நீங்க தூக்கிப் போடாம, அடுத்த த்ரெட்டுக்கு அப்டியே குடுக்கறீங்க.”

வேகத்துக்காக நான் செய்த ஏற்பாடு அது. “முடியிற த்ரெட் காலி பண்ணிட்டுத்தானே போகும்?” என்றேன்.

“தானா முடிஞ்சா பண்ணும். பாதியில நிறுத்திட்டா அது எப்டி சார் பண்ணும்? குடுக்கறப்ப நீங்க துடைச்சிக் குடுத்துட்டா இந்தப் பேஜாரே இல்ல.”

“யூஸ் பண்ணினவங்கதானே சுத்தம் பண்ணணும்?” என்று விடாமல் கேட்டேன். தோற்கிறோம் என்று தெரிந்தும் மல்லுக்கு நிற்கிற குணமும் எனக்கு உண்டு.

அவர் ஜன்னலுக்கு வெளியே துவைக்கிற கல்லைப் பார்த்தார். காலையில் அவர் கழுவிக் கவிழ்த்த டம்ளர் அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

“எங்க வூட்ல யார் வந்து குடிச்சிட்டுப் போனாலும் நாங்கதான் சார் கழுவுவோம். உங்களுக்கு வேற மாதிரி பழக்கம். அதான் அப்டி எழுதிட்டீங்க போல கீது” என்றார். குரலில் கோபம் இல்லை. பிழைக்குக் காரணம் சொல்கிற குரல்தான்.

இவ்வளவு வருஷமாக ஊரையே சந்தேகப்பட்ட நான், எங்கள் வீட்டுக் கல்லை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை. “சரி, பார்க்கிறேன்” என்று மட்டும் முனகிவிட்டு வந்தேன்.

திருத்தம் ஒரே ஒரு வரி. பெட்டியைக் கொடுக்கும்போதே துடைத்துக் கொடுத்தேன், பிழை அதற்குப் பிறகு தலைகாட்டவில்லை. அறிக்கையை அழித்துவிட்டு, தவறு என்னுடையது, கண்டுபிடித்தவர் அவர் என்று எழுதி அனுப்பினேன். வேலை நிரந்தரமானது. அந்த வாரமே அவர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். நெட் அங்கே நன்றாக வருகிறதாம். ‘தேங்க்ஸ் சார், இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லை’ என்று செய்தி அனுப்பியிருந்தார்.

“அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு வரல?” என்று அம்மா கேட்டார். கல்மேல் இருந்த டம்ளரை எடுத்து வந்து நானே கழுவி, அடுக்களை அலமாரியில் மற்ற டம்ளர்களோடு கலந்து வைத்தேன்.

மறுநாள் காலை பல் துலக்கப் போனபோது அது கல்மேல் கவிழ்ந்திருந்தது. அத்தனை டம்ளர்களுக்கு நடுவிலும் அம்மா அதைச் சரியாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, அதைத் தொடாமல் உள்ளே வந்து, லேப்டாப்பைத் திறந்தேன்.