முருங்கையை வெட்டுவது போல வெட்டினேன்

போன ஐப்பசி முழுக்க மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் செடிக்குத் தண்ணீர் தெளித்தேன். மலை மேலே சித்திரபுரத்தில் எனக்குக் காலை வேலை அதுதான். வெட்டிய குச்சிகளைப் பாலிதீன் பையில் நட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தேன். மழை நேரே விழுந்தால் குச்சி அழுகும். காய்ந்தாலும் போச்சு. வெளியே ஊற்றும்போது உள்ளே பனி மாதிரி தெளிக்க வேண்டும். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் யாராவது பார்த்திருந்தால் மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள். அங்கே போர் போட்டால் புகைதான் வந்தது. தென்னைகள் தலை இல்லாமல் நின்றன. மிச்சமிருந்த தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். மனைவியை ஊரில் விட்டு நான் மலை ஏறினேன். அப்படி ஆகி நாலு வருடம்.

நான் வேலை செய்வது ஒரு டீச்சர் வீட்டில். ரிட்டயர் ஆனவர், தனியாக இருக்கிறார், மலையாளி. அவர் கணவர் சாவதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் எட்டு புளூபெர்ரிச் செடி வைத்துவிட்டுப் போனார். சுண்டைக்காய் அளவுப் பழம், கருநீலம். ஒவ்வொரு மே மாதமும் அவருடைய நினைவு நாளில் சர்ச்சுக்குப் போய்விட்டு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர் படத்துக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் அந்தப் பழத்தை வைப்பார் டீச்சர். வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த வீட்டு வழக்கம் அது. எனக்கு முதலில் தெரியாது.

நான் வந்த முதல் டிசம்பரில் டீச்சர் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். செடியெல்லாம் மண்டிக் கிடக்கிறது, வெட்டிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்த வெட்டு முருங்கை வெட்டு. எங்கள் பக்கம் காய் ஓய்ந்ததும் மரத்தைக் குட்டையாக வெட்டி, வெட்டுவாயில் சாணி உருண்டை வைப்போம். அடியில் அடுப்புச் சாம்பல் கொட்டுவோம். ஆறு மாதத்தில் அடித்துக்கொண்டு வரும். அதையே இங்கும் செய்தேன். எட்டையும் ஒரு சாண் விட்டு வெட்டினேன். எட்டின் தலையிலும் சாணி. எட்டின் காலிலும் சாம்பல். குறையில்லாமல் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து எஸ்டேட் லைனில் இருக்கும் செல்வம் வேலி ஓரம் வந்து நின்றார். அவர் பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. தமிழ்தான், ஆனாலும் என் தமிழ் இல்லை.

"என்னவே, எட்டுக்கும் மொட்டை போட்டுட்டீரு? பழனிக்கு நேர்ந்துக்கிட்டீரோ?"

"வெட்டுனாத் தளையுமுங்க."

"தளையும். பழம் ஒம்ம பேரன் தின்பான். போன வருசத்துக் கொம்புலதாம்வே இது காய்க்கும்."

டீச்சர் திரும்பி வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சாரமில்ல, மணி, நீ அறிஞ்ஞில்லல்லோ" என்றார். பரவாயில்லை, உனக்குத் தெரியாதே என்று அர்த்தம். திட்டியிருந்தால் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். திட்டவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "எட்டும் காய்க்கிற வரைக்கும் நான் எங்கீம் போகமாட்டனுங்க."

அடுத்த மே மாதம் கிண்ணத்தில் கொய்யாத் துண்டுகள் இருந்தன. நான் அடுப்படிப் பக்கம் நின்றுகொண்டேன்.

அதற்குள் மூன்று செடி செத்துவிட்டது. இதற்குப் புளிப்பு மண் வேண்டும், சாம்பல் புளிப்பைக் கொன்றுவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. சாம்பலைச் சுரண்டி எடுத்து, பைன் மரத்து ஊசி இலையைப் பரப்பி ஐந்தைக் காப்பாற்றினேன். அவையும் பழைய உயரத்துக்கு வர இரண்டு வருடம் பிடித்தது. செத்த மூன்றுக்கும் பதில் வேண்டுமே. ஐந்தில் இருந்து அரை முற்றிய குச்சிகளை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, தேங்காய் நார்த்தூளில் நட்டேன். முதல் வருடம் எல்லாம் அழுகியது. மறு வருடம் எல்லாம் காய்ந்தது. போன ஆவணியில் நட்டதில் நான்கு வேர் விட்டன. அவை காய்க்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். என் வாயால் நானே போட்ட பூட்டு. சாவி செடியிடம் இருந்தது.

மார்கழியில் அண்ணன் போன் செய்தார். "நடக்கக் கால் வர மாட்டீங்குதுடா தம்பி. பொங்க நோம்பிக்குள்ள வந்துரு. இல்லீன்னாத் தோட்டத்தக் குத்தகைக்கு உட்டர்றேன்." பின்னாலேயே மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "ஏனுங்க, நீங்க என்னையக் கட்டுனீங்களா, அந்தச் செடியக் கட்டுனீங்களா?" சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "நீ பொய்க்கோ மணி. ஞான் நோக்கிக்கோளாம்." போய் வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் கையில் இருந்த கத்தரியை வாங்கிச் செடிக்குப் போனார். புளூபெர்ரியில் கூர் மொட்டு இலையாகும், பருத்த மொட்டு பூவாகும். டீச்சருக்குக் கண் சரியில்லை. பருத்த மொட்டுள்ள கொம்பாகப் பார்த்து வெட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குக் கை நீட்டியபோது, "போதுமுங்க டீச்சர், இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

போவதற்கு முன் கடைசியாக வெட்டிக் கொடுக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். மறுநாள் காலையில் ஒரு டப்பா நிறைய அச்சப்பம், நம் அச்சு முறுக்கு, கட்டி வைத்திருந்தார். "பஸ் எத்ர மணிக்கா?"

"பஸ் இல்லீங்க" என்றேன்.

"சமரமோ?" என்றார். பஸ் ஸ்டிரைக் என்று நினைத்துக்கொண்டார். நான் விளக்கவில்லை. வெளியே போய் அண்ணனைக் கூப்பிட்டு, "குத்தகைக்கு உட்டுருங்க" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மாசியில் நாலு நாள் ஊருக்குப் போனேன். மனைவி சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மத்தியானம் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். வேலிக்கு உள்ளே, குத்தகைக்கு எடுத்த பொள்ளாச்சிப் பக்கத்து ஆள் ஒருவர் சொட்டுநீர்க் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "ஆருங்க? ஆரப் பாக்கோணும்?" என்றார். நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்.

அப்போது போன் அடித்தது. டீச்சர். பையில் நட்ட குச்சி ஒன்றில் பூ வந்திருக்கிறதாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கிள்ளிப் போடுங்க டீச்சர்."

"அய்யோ, பாவமல்லே மணி?"

"இப்பப் பூ உட்டா வேர் ஓடாதுங்க. கிள்ளிருங்க."

அவர் செருப்புப் போடும் சத்தமும் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. குழாய்க்காரர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரையும் பாக்கறதுக்கில்லீங்க. வழி மாறி வந்துட்டேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தப் பூவைக் கிள்ளியாகிவிட்டது என்று டீச்சர் சொல்லும்வரை, என் தோட்டத்து வேலிக்கு வெளியே போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.