லம்யை அக்கா கடையில் குளிகை கிடையாது

பப்பாளிக்காயை உரலில் இடித்துக்கொண்டே, வந்தவரின் காலைப் பார்க்கிறார் லம்யை அக்கா. முகமெல்லாம் அப்புறம்தான். நான் புதுக் கண்ணாடி போட்டு இரண்டு மாதமாகிறது. அது இன்னும் அவர் கண்ணில் படவில்லை. கால் கட்டைவிரலில் நகம் பெயர்ந்தது மட்டும் அன்றைக்கே பட்டுவிட்டது. "என்ன வாத்தியாரே, சேத்துல எறங்குனீங்களா? சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?" கழுவியதாகத்தான் சொன்னேன். நம்பாமல் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார். கழுவி முடிக்கும்வரை, இடித்த பப்பாளிக்காய் சோம்தம் தட்டு என் பக்கம் நகரவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டை உருவம், பெரிய குரல். வடகிழக்குத் தாய்லாந்தின் ஊபொன் சாலையில் இருக்கும் அவர் கடையில் ஒட்டரிசி, புளித்த மீன், தூண்டில் முள், சலவைத்தூள் எல்லாம் கிடைக்கும். உத்தரத்தில் கருவாட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் தொங்கும். நடவு வந்தால் அதை ஒவ்வொருவர் தலையிலும் கட்டப் பார்ப்பார். பூட்ஸைச் சேறு கவ்வினால் விடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதில் தவளை பிடித்துப் போட்டு வருகிறார்கள். "தவளைக்காவது கால் தப்பிச்சுதே" என்பார் அக்கா, சிரிக்காமல்.

அவரிடம் கிடைக்காத பொருள் ஒன்றுதான். கறுப்பும் சிவப்புமான அந்த ஆன்டிபயாட்டிக் குளிகை எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் உதிரியாகவே கிடைக்கும். விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் எங்கள் ஊருக்கு அடிக்கடி வருவதில்லை. காலில் வெட்டுப்பட்டால் குளிகையைப் பிரித்துப் பொடியைத் தூவுவோம். பொருக்கு கட்டிவிடும், வயலுக்குப் போய்விடுவோம். அக்காவும் ஆறு வருஷத்துக்கு முன்புவரை ஜாடி நிறைய வைத்து விற்றவர்தான். புருஷன் சீயாங் மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டபோது, தன் கையாலேயே தூவினார். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. ஏழாம் நாள் ஆள் இல்லை. எங்கள் வயல் மண்ணிலேயே குடியிருக்கிற கிருமியாம். எப்போதோ ஒருவர் உடம்பில்தான் ஏறும், ஏறினால் சாதாரண மருந்துக்கு மசியாதாம். சீழைச் சோதித்த தாள் வந்து சேர்ந்தபோது எலும்பு பொறுக்கிச் சட்டியில் போட்டாயிற்று. "மேல ஆறிடுச்சுன்னு பெருமையா எல்லாருக்கும் காட்டுனேன் வாத்தியாரே. உள்ள அது பாட்டுக்குத் தின்னுகிட்டு இருந்திருக்கு" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை கம்பூன் வந்தான். நாற்பது வயது, சர்க்கரை நோய்க்காரன். வயலில் நத்தை ஓடு கிழித்து, பாதம் பளபளவென்று வீங்கியிருந்தது. அந்த வெயிலிலும் பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கினான்.

"ரெண்டே ரெண்டு குளிகை குடுக்கா."

"காச்சல் எத்தன நாளா?"

"காச்சல்லாம் இல்ல. அசதி."

"பல்லு தந்தியடிக்குது, அசதியாம். பெரியாஸ்பத்திரிக்கு வா. ஊசியா ஏத்துனாத்தான் இது கேக்கும்."

"போனா பத்து நாள் படுக்கப் போட்ருவாங்க. நாத்து முத்திப்போயிரும்கா. நீ தரலன்னா போ, கோயில் பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேன்."

செருப்பை மாட்டக் குனிந்தான். அக்கா உலக்கையைப் போட்டுவிட்டு வந்து, அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சேற்றுக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியவர்கள் இருக்கும் பக்கம் காலை நீட்டினாலே அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். கம்பூன் பதறிப்போனான்.

"அக்கா, எனக்குப் பாவம் சேக்காத. காலை விடு."

"ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லு."

"நாத்துக்கா..."

அக்கா இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்தபடி, புத்தருக்கும் பெற்றவளுக்கும் மட்டுமே தாழ்த்துகிற தலையை அந்தக் காலில் வைத்தார். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.

"வரேங்கா. எந்திரி. வரேன்." கம்பூன் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்து என் பக்கம் நீட்டினார், வாசலில் நின்ற என் வண்டியின் சாவிக்காக.